பயிருக்கு மேலே மூன்று மீட்டர்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மருந்து தெளிக்கும் விமானம் ஒன்றின் படத்தை வெளியிட்டிருந்தோம். நீண்ட மூக்கு, முதுகில் திமில்போல எழும்பி நிற்கும் விமானி அறை, இறக்கைக்குக் கீழே வரிசையாக நாசில்கள், அதாவது மருந்தைத் துளியாகச் சிதறும் முனைகள். அந்தப் படத்தைப் பார்த்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: தரையை ஒட்டிப் பறக்கும் விமானத்தில் விமானி முன்னால் உட்கார்ந்தால்தானே நன்றாகத் தெரியும்? ஏன் அவரை அவ்வளவு பின்னால், அவ்வளவு உயரத்தில் உட்கார வைக்கிறார்கள்? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

விமானிக்கு இடம் ஒதுக்கும் முன்பே மருந்துத் தொட்டிக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்பதுதான் காரணம். புறப்படும்போது தொட்டியில் 500 கிலோ இருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் ஒன்றும் இருக்காது. பாரம் இப்படிக் கரையும்போது மூக்கு தூக்காமலும் வால் தொங்காமலும் இருக்க வேண்டும் என்றால், விமானத்தின் எடை எந்த இடத்தில் சமன்படுகிறதோ அங்கேயே, அதாவது இறக்கையின் நெஞ்சுப் பகுதியிலேயே, தொட்டி இருக்க வேண்டும். எஞ்சின் முன்னால் போய்விட்டது, தொட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டது. விமானிக்கு மிச்சம் இருப்பது பின்பக்கம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. விமானி முன்னாலும் தொட்டி பின்னாலும் இருந்து விமானம் எதிலாவது மோதினால், அந்த அரை டன்னும் அவர் முதுகில் வந்து இறங்கும். பின்னால் உட்கார்ந்திருந்தால் எஞ்சின், தொட்டி, குழாய்ச் சட்டம் எல்லாம் முன்னால் ஒவ்வொன்றாக நசுங்கி, மோதலின் வேகத்தைத் தின்றுவிடும்.

இதைக் கணக்குப் போட்டுச் செய்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக். டெக்சாஸ் வேளாண் கல்லூரியில் அவர் வடிவமைத்த ஏ.ஜி.-1 விமானம் 1950 டிசம்பர் 1-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. அதுவரை பெரும்பாலும் போர்க்காலப் பயிற்சி விமானங்களையே வாங்கி, முன் இருக்கையைக் கழற்றிவிட்டுத் தகரத் தொட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியர்மேன் என்ற இரட்டை இறக்கை விமானம் அதில் பேர்போனது. 220 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றி 450-ஐ மாட்டினால் போதும், வேலைக்குத் தயார். ஆனால் அது வயல் வேலையை நினைத்துச் செய்த விமானமில்லை.

வைக் முதலில் யோசித்தது விபத்தைத்தான். விமானியின் வார்களும் அவை பிணைந்திருக்கும் சட்டமும் புவியீர்ப்பைப்போல 40 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். மூக்கை முன்நோக்கிச் சரித்து, இருக்கையை உயர்த்தினார். அதனால் பின்னால் உட்கார்ந்தாலும் பயிரும் கம்பியும் தெரியும். சக்கரக் கால்களின் முன் விளிம்பை, மின்கம்பியை அறுக்கும்படி கூராக்கினார். விமானி அறையின் உச்சியிலிருந்து வால் உச்சிக்கு ஓர் எஃகு வடம் இழுத்துக் கட்டினார். அறைக்கு மேலே வழுக்கிப் போகும் கம்பி வாலில் சிக்காமல் அந்த வடத்தின் மேலேயே ஏறிப் போய்விடும். இன்றைய மருந்துத் தெளிப்பு விமானம் எதை எடுத்தாலும் இந்த ஏற்பாடுகளைப் பார்க்கலாம்.

வைக் பின்னர் பைப்பர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் கைவண்ணத்தில் வந்தது பானி விமானம். 1959-இல் தயாரிப்பு தொடங்கி 1981 வரை ஓடியது, ஏறத்தாழ 5,000 வெளிவந்தன. தொட்டியின் கொள்ளளவு 150 அமெரிக்க கேலன், அதாவது 568 லிட்டர். அதிலும் ஒரு குறை இருந்தது. தொடக்கத்தில் பெட்ரோல் தொட்டியை எஞ்சினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவே உடம்புக்குள் வைத்திருந்தார்கள். மூக்கு நசுங்கினால் முதலில் கிழிவது அதுதான், பக்கத்திலேயே சூடான எஞ்சின். மோதலில் பிழைத்த விமானி தீயில் மாட்டும் அபாயம் அதில் இருந்தது. கடைசியாக வந்த டி வகையில்தான் பெட்ரோல் இறக்கைக்குப் போனது.

இனி நீங்கள் பார்த்த நீண்ட மூக்கு. பழைய ஒன்பது சிலிண்டர் நட்சத்திர எஞ்சின், பிராட் அண்ட் விட்னி ஆர்-1340, 400 கிலோவுக்கு மேல் எடை. அதன் இடத்தைப் பிடித்த பி.டி.6 டர்பைன் எஞ்சினோ 150 கிலோவை ஒட்டித்தான். எடை குறைந்துபோனதால் தராசுத் தட்டைப்போல அதை இன்னும் தள்ளி வைத்தால்தான் சமன் கிடைக்கும். மூக்கு நீண்டது அதனால்தான், அழகுக்காக இல்லை.

கே: ஆகாயத்திலிருந்து மருந்து தூவும் யோசனை முதலில் யாருக்கு வந்தது? (வாசகி, மயிலாடுதுறை)

யோசனை பலருக்கு வந்திருக்கலாம், செய்து காட்டிய நாள் தெரியும். 1921 ஆகஸ்ட் 3, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டிராய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கட்டால்பா மரத்தோப்பு. சுமார் ஆறு ஏக்கர், ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மரங்கள். இலையையெல்லாம் கம்பளிப்புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ராணுவ விமானி ஜான் மெக்ரெடி ஒரு கர்ட்டிஸ் ஜென்னி விமானத்தை ஓட்டினார். பின் இருக்கையில் எட்டியென் டார்மாய் என்ற பொறியாளர். விமானத்தின் பக்கவாட்டில் அவரே செய்து மாட்டிய தகரப் பெட்டி, அதில் காரீய ஆர்சனேட் தூள். கைப்பிடியைச் சுற்றினால் தூள் கொட்டும், அவ்வளவுதான் கருவி.

தோப்புக்கு நேர் மேலே அவர்கள் பறக்கவில்லை. காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பறந்தார்கள், தூள் காற்றோடு தோப்புக்குள் போய்ப் படிந்தது. தூவிய நேரம் மொத்தம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு நாளில் புழுக்களில் கிட்டத்தட்ட எல்லாமே செத்துக் கிடந்தன.

அடுத்த ஆண்டே லூசியானா மாநிலத்தின் தல்லூலாவில் பருத்தி வயல்களில் கால்சியம் ஆர்சனேட் தூவிச் சோதித்தார்கள். இதையே தொழிலாகச் செய்ய ஹஃப் டேலண்ட் என்ற விமான நிறுவனம் தனிப் பிரிவு தொடங்கியது, இந்த வேலைக்கென்றே விமானமும் கட்டியது. அந்தத் தூவல் நிறுவனம் 1928-இல் பெயர் மாறியது. புதுப் பெயர் டெல்டா. இன்று உலகம் முழுக்கப் பயணிகளை ஏற்றிப் போகும் அதே டெல்டாதான். மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காட்டிலிருந்து வந்த பெயர் அது. பயணிகள் சேவை தொடங்கிய பிறகும் 1966 வரை மருந்து தெளிக்கும் பிரிவை அவர்கள் விடவில்லை.

கே: கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு இத்தனை டேங்க் என்று எண்ணி அடிக்கிறோம். விமானத்தில் இத்தனை ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று எப்படி நிர்ணயிக்கிறார்கள்? (விவசாயி, ஓசூர்)

கணக்கு மூன்றே எண்களில் அடங்கும். எக்டேருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) எத்தனை லிட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு ஓட்டத்தில் எத்தனை மீட்டர் அகலத்துக்கு மருந்து விழும். மூன்றையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியேற வேண்டும் என்பது வந்துவிடும்.

எக்டேருக்கு 20 லிட்டர், வேகம் 200, அகலம் 20 மீட்டர் என்று வையுங்கள். பெருக்கினால் 80,000, வகுத்தால் நிமிடத்துக்கு 133 லிட்டர். நாசில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 3.3 லிட்டர் விடும் என்றால் 40 நாசில் திறந்திருக்க வேண்டும். 600 லிட்டர் தொட்டி நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் 30 எக்டேர் முடிந்திருக்கும்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கலப்பவருக்கு எக்டேருக்கு 20 லிட்டர் என்பது வேடிக்கையாகத் தோன்றும். ஏக்கருக்குப் போகும் மருந்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான், தண்ணீர்தான் 25-இல் ஒரு பங்கு. கலவை அவ்வளவு கெட்டி. அதனால் கலக்கும் வரிசை தவறினால் தொட்டிக்குள்ளேயே திரிந்து தயிராகி, வடிகட்டியும் நாசிலும் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். முதலில் பாதித் தண்ணீர், கலக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் நனையும் தூள், அது கரைந்த பிறகு திரவக் குழம்பு வகை, அதற்குப் பிறகு எண்ணெய் வகை, கடைசியாக ஒட்டும் திரவம், பிறகு மிச்சத் தண்ணீர். இரண்டு மருந்தை முதன்முறையாகச் சேர்க்கிறீர்கள் என்றால், அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் கட்டி தங்கினாலோ மேலே ஏடு படிந்தாலோ தொட்டியிலும் அதுவே நடக்கும். ட்ரோனில் அடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வயிற்றுக்கு அடியில் சின்னக் காற்றாடி ஒன்று சுழல்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பம்பை ஓட்டுவது அதுதான். பறக்கும் வேகத்தில் காற்றே அதைச் சுற்றும், தனி மோட்டார் தேவையில்லை. வயலின் ஓரம் வந்ததும் விமானி நெம்புகோலைத் தள்ளுவார், மறு ஓரத்தில் இழுப்பார். இழுத்ததும் வால்வு மூடுவதோடு நிற்காது, குழாயில் மிச்சமிருக்கும் மருந்தைத் தொட்டிக்குத் திரும்ப உறிஞ்சும். இந்த உறிஞ்சல் பழுதானால், அல்லது நாசிலுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், திரும்பும்போதெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். பக்கத்து வயலில் கோடு கோடாகப் பயிர் கருகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சவ்வைத்தான்.

நாசில் குழாயை இறக்கையின் முனைவரை நீட்டமாட்டார்கள். இறக்கை அகலத்தில் முக்கால் பங்கு, கவனமானவர்கள் 65 சதவீதம், அதோடு நிறுத்திவிடுவார்கள். இறக்கையின் முனையில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறும். அங்கே விட்ட துளி பயிருக்குப் போகாமல் அந்தச் சுழலில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகும்.

துளியின் அளவும் அப்படித்தான். அசையாத காற்றில் மூன்று மீட்டர் இறங்க 400 மைக்ரான் துளிக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறத்தாழ 2 விநாடி போதும். 100 மைக்ரானுக்கு 11 விநாடி. 20 மைக்ரான் துளிக்கோ 4 நிமிடம். நாலு நிமிடத்தில் மெல்லிய காற்றும் அதை எங்கே கொண்டுபோகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் காற்றே இல்லாத அதிகாலையில் தெளிப்பதுதானே நல்லது? (அதே வாசகர்)

இல்லை. பலரும் தவறுவது இங்கேதான். காற்றே அசையாத அதிகாலையில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோலப் படுத்திருக்கும். நுண்துளிகள் மேலே கலைந்து போகவும் முடியாது, எளிதில் கீழே இறங்கவும் செய்யாது. தாழ்வாக ஒரு மேகம்போலத் திரண்டு, பிறகு வரும் முதல் காற்றில் மொத்தமாக நகர்ந்துபோகும். மணிக்கு ஐந்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை ஒரே திசையில் வீசும் காற்று இதைவிடப் பாதுகாப்பு, எங்கே போகும் என்பதாவது தெரியும். இதற்காகவே விமானத்தில் புகை விடும் வசதி இருக்கிறது. எஞ்சினின் புகைபோக்கிக்குள் கொஞ்சம் எண்ணெயைப் பீய்ச்சினால் வெள்ளைப் புகை வரும். அது கலைந்து ஏறினால் வேலையைத் தொடங்கலாம். வடம் இழுத்தாற்போலத் தட்டையாகத் தொங்கினால் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

தொடங்குவது எப்போதும் காற்று போய்ச் சேரும் பக்கத்து ஓரத்திலிருந்து. அடுத்தடுத்த ஓட்டம் காற்று வரும் பக்கமாக நகரும். தான் தெளித்ததற்குள் தானே நுழையாமல் இருக்க வேறு வழியில்லை.

கே: விமானிக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகாதா? (வாசகி, பொள்ளாச்சி)

ஆகும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து கொஞ்சம் உடம்பில் ஏறினாலே கண்மணி சுருங்கிவிடும், பார்வை மங்கும். நிலத்தில் நிற்பவருக்கு அது தலைவலியோடு போகலாம். 200 கிலோமீட்டர் வேகத்தில் மின்கம்பியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அதுவே எமன். அதனால்தான் புது விமானங்களில் அறையை நன்றாக அடைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, வெளிக்காற்று நுழையாதபடி அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைக்கிறார்கள். மருந்தை மேலிருந்து ஊற்றாமல் வயிற்றுப் பக்கக் குழாய் வழியாக ஏற்றுவதும் இதற்காகவே. உண்மையில் விமானியைவிட அதிகம் நனைபவர் தரையில் கெட்டி மருந்தைக் கலந்து ஏற்றும் ஆள்தான், அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மருந்து விமானத்தையும் தின்னும். உடம்பின் பக்கத் தகடுகள் கழற்றி மாட்டும்படி இருப்பது ஏன் என்றால், அன்றாடம் மாலையில் கழற்றி உள்ளே இருக்கும் எஃகுக் குழாய்ச் சட்டத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உரம் தூவும் விமானத்தில் ஒரு வாரம் கழுவாமல் விட்டால் வால் பக்கத்துக் குழாய்களின் பற்றவைப்பு மூட்டில் துரு பூக்கும்.

கே: ஜெட் எஞ்சினும் இரட்டை இறக்கையும் உள்ள மருந்துத் தெளிப்பு விமானம் என்று ஒரு படம் சுற்றுகிறது. கற்பனையா? (வாசகர், மதுரை)

கற்பனையில்லை. போலந்தின் மியெலெட்ஸ் நகரத்து ஆலையில் செய்த எம்-15. சோவியத் ஒன்றியம் கேட்டுச் செய்தது. முன்மாதிரி 1973-இல் பறந்தது. கண்காட்சிக்கு வந்தபோது அதன் கோலத்தையும் சத்தத்தையும் பார்த்து வைத்த பெயர் பெல்ஃபகோர், ஒரு பேயின் பெயர். தொடர் தயாரிப்புக்குப் போன ஒரே ஜெட் இரட்டை இறக்கை விமானம் இதுதான். உலகத்திலேயே மெதுவான ஜெட் விமானம் என்ற பேரும் இதற்கு உண்டு, உச்ச வேகம் சுமார் 200 கிலோமீட்டர்.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இரண்டு பெரிய தூண்கள் தெரியும். அவைதான் மருந்துத் தொட்டிகள், இரண்டும் சேர்ந்து 2,900 லிட்டர். தொட்டியே தூணாக நின்று இறக்கையையும் தாங்குகிறது. எஞ்சின் யாக்-40 பயணிகள் விமானத்தில் இருக்கும் ஏ.ஐ.-25. எஞ்சினிலிருந்து பிரித்தெடுத்த அழுத்தக் காற்று தூளையும் திரவத்தையும் வெளியே தள்ளும். அந்தப் பகுதி மட்டும் கெட்டிக்காரத்தனமானது.

மற்றது எல்லாம் வீண். ஜெட் என்பது கொஞ்சம் காற்றை மிக வேகமாகப் பின்னால் தள்ளி முன்னேறும். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போனால் அது லாபம். 150-இல் ஊர்ந்தால் எரித்த எரிபொருளில் பெரும்பங்கு பின்னால் காற்றைச் சூடாக்கத்தான் போகும். புரொப்பெல்லரோ நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும், இந்த வேகத்துக்கு அதுதான் பொருத்தம். 3,000 விமானம் என்று திட்டம் போட்டு 175-உடன் 1981-இல் கதவைச் சாத்தினார்கள். இது எந்த விமானத்துக்கு மாற்றாக வந்ததோ அந்த ஆன்-2, 1947-இல் முதலில் பறந்தது, 1,000 குதிரைத்திறன் புரொப்பெல்லரோடு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வயலுக்கு மேலே சுற்றியது. அதில் பெரும்பாலானவையும் இதே மியெலெட்ஸ் ஆலையில் செய்தவைதான்.

கே: நம் நாட்டில் இப்படி ஒன்று செய்தார்களா? (வாசகர், பெங்களூரு)

உங்கள் ஊரிலேயே செய்தார்கள். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் எச்.ஏ.-31 பசந்த். 1968-இல் வரையத் தொடங்கி, முதல் வடிவத்தைக் கைவிட்டு, திருத்தி வரைந்த இரண்டாம் வடிவம் 1972 மார்ச் 30-இல் பறந்தது. எட்டு சிலிண்டர் லைகாமிங் எஞ்சின், 400 குதிரைத்திறன். தாழ்ந்த இறக்கை, உயர்ந்த அறை, நடுவில் தொட்டி, எல்லாம் வைக் போட்ட கோலம்தான். 1980-இல் தயாரிப்பு நின்றபோது மொத்தம் 39.

விமானத்தைக் குறை சொல்ல அதிகமில்லை. வயலைப் பாருங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர். 200 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒரு விநாடிக்குச் சற்றே அதிகம். திறந்து மூடுவதற்குள் அடுத்தவர் வயல் வந்துவிடும். அவர் கத்தரி போட்டிருப்பார், அதற்கடுத்தவர் மல்லி, நடுவில் ஒரு கிணறு, வரப்பில் தென்னை, குறுக்கே மின்கம்பி. ஒரு முறை திரும்பி வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 800 மீட்டர் நீள வயலிலேயே தெளிக்கும் நேரம் 14 விநாடிதான், திரும்பும் நேரம் அதைப்போல இரண்டு மடங்கு. வயல் சுருங்கச் சுருங்க விமானம் வெறுமனே திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரே பயிர், ஒரே முதலாளி, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை என்று இருக்கும் கான்சாஸுக்கும் உக்ரைனுக்கும்தான் இந்தத் தொழில் கட்டும்.

கே: கேரளத்தின் காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து தெளித்து மக்கள் பாதிக்கப்பட்டார்களே, அதற்குக் காரணம் மருந்தா, ஹெலிகாப்டரா? (வாசகர், நாகர்கோவில்)

இரண்டும். முந்திரித் தோப்பில் தேயிலைக் கொசு என்ற பயிர்ப்பூச்சிக்காக 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். சமதரைக் கோதுமை வயலில் மூன்று மீட்டர் உயரத்தைப் பிடித்துப் பறக்கலாம். மேடும் பள்ளமுமான செம்மண் குன்றில், உயரம் ஒழுங்கில்லாத மரங்களுக்கு மேலே அது நடக்காது. உயரம் கூடக்கூடத் துளி காற்றில் தங்கும் நேரம் கூடும். கீழேயோ திறந்த கிணறுகள், சுரங்கம் என்று அவர்கள் சொல்லும் நீர்க்குகைகள், ஓடைகள், தோப்புக்குள்ளேயே வீடுகள். மருந்தோ எளிதில் சிதையாதது. உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுக்க அதைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. கைத்தெளிப்பானில் அடித்திருந்தாலும் அந்த மருந்து நல்லதாகியிருக்காது. ஆனால் கிணற்றுக்குள்ளும் முற்றத்திலும் இப்படி ஒரே சீராகப் போய்ச் சேர்ந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டு நெறிமுறையில் வானிலிருந்து தெளிப்பதைப் பொதுவாகவே தடை செய்து, சில விலக்குகளை மட்டும் விட்டுவைத்தது.

துளி மிதந்து போவதையே வேண்டி விரும்பிச் செய்யும் வேலை ஒன்று உண்டு, வெட்டுக்கிளியை அழிப்பது. 2020-இல் ராஜஸ்தானின் பார்மர் பக்கம் ஹெலிகாப்டரும் ட்ரோனும் இறங்கியபோது, தண்ணீரே கலக்காத மாலத்தியான் பூச்சிமருந்து, எக்டேருக்கு ஒரு லிட்டர் அளவில்தான் போனது. பாலைவனத்தில் அது செல்லும். பக்கத்தில் கிணறு இருக்கும் இடத்தில் செல்லாது.

கே: விமானத்தில் நெல் விதைக்கிறார்கள் என்பது உண்மையா? (விவசாயி, தஞ்சாவூர்)

உண்மை, கலிஃபோர்னியாவில் 1929 முதல். நாற்றங்காலும் நடவும் கிடையாது. விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் நீர் வடித்து, முளை எட்டிப் பார்க்கும் பதத்தில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டில் சாக்கில் கட்டி மூட்டம் போடுவோமே, அதே பக்குவம். ஊறிய விதை கனமாக இருப்பதால் நிற்கும் தண்ணீரில் மிதக்காமல் மூழ்கித் தரையைப் பிடிக்கும். வயிற்றுக்கு அடியில் விசிறிபோல விரிந்த தகடு, காற்று அதற்குள் புகுந்து விதையை அகலமாகப் பரப்பும். முளை நீண்டுவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தொட்டியின் வாயில் பாலம்போல நின்றுவிடும், கீழே இறங்காது. ஈரமான சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் இதே தொல்லை. நியூசிலாந்தில் மலை மேய்ச்சலுக்கு உரம் தூவும் விமானிகள் அஞ்சுவது இதைத்தான். ஆபத்தில் பாரத்தைக் கொட்டிவிட்டு ஏறலாம் என்று நெம்புகோலை இழுத்தால், கதவு திறக்கும், உரம் அசையாது, எதிரே மலை.

கே: இந்த விமானங்களில் அதிகம் நடக்கும் விபத்து எது? (வாசகர், திருவண்ணாமலை)

கம்பியில் மாட்டுவதும் திருப்பத்தில் விழுவதும். கம்பியைப் பார்க்க முயலக்கூடாது, கம்பத்தைப் பார்க்க வேண்டும். வயலைச் சுற்றி ஒரு முறை உயரத்தில் பறந்து கம்பங்களை எண்ணி, ஒரு கம்பத்திலிருந்து கிளைக் கம்பி பம்புசெட்டுக்குப் போகிறதா என்று பார்த்த பிறகே இறங்குவார்கள். விபத்துகள் நேற்றுவரை நன்றாகத் தெரிந்த கம்பியிலும் நடக்கின்றன, கடைசி ஓட்டத்தில் மனம் அடுத்த வயலுக்குப் போய்விடுவதால்.

திருப்பம் எடுக்கும்போது முதலில் காற்று போகும் திசையில் 45 பாகை ஒதுங்கி, பிறகு எதிர்ப்பக்கமாக வளைந்து காற்றை எதிர்த்து வயலுக்குத் திரும்ப வேண்டும். அவசரத்தில் காற்றோடு சேர்த்துத் திருப்பினால் காற்று வயலைத் தாண்டித் தள்ளும். அதைச் சரிக்கட்ட இன்னும் சாய்த்து இழுக்க, வேகம் செத்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். 30 மீட்டர் உயரத்தில் மீள இடமில்லை. தொட்டி நிறைந்த முதல் இரண்டு திருப்பங்கள்தான் மோசமானவை.

கே: பழைய விமானங்கள் என்ன ஆகின்றன? (மாணவி, விருதுநகர்)

பானி விமானங்கள் பலவற்றின் தொட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் இல்லாத கிளைடர்களை வானுக்கு இழுத்துப் போக வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் பாரம் இழுக்கத் தெரிந்த விமானம் அல்லவா. ஏர் டிராக்டர் ஏ.டி.-802 போன்ற பெரியவை காட்டுத்தீ அணைக்கும் வேலைக்கும் போகின்றன. 3,000 லிட்டர் தொட்டியில் மருந்துக்குப் பதில் தண்ணீர். ஆபத்துக்குப் பாரத்தைக் கொட்ட வைத்த அடிக்கதவின் வேலையைத்தான் அங்கே பெரிய கதவாக்கி, எத்தனை விநாடியில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணினி வைத்து ஓட்டுகிறார்கள்.